டோனர் (செல் கொடுப்பவர்) இல்லை என்றார்கள், டோனர் வீட்டிலேயே இருந்தார்

திருச்சி மகன்:
அப்பாவுக்கு 62 வயது. ஏ.எம்.எல் ரத்தப் புற்றுநோய். கீமோவில் அடங்கியது, ஆனால் திரும்பி வராமலிருக்க ஸ்டெம் செல் மாற்று, அதாவது ரத்தத்தை உருவாக்கும் செல்களை இன்னொருவரிடமிருந்து வாங்கி ஏற்றுவது, வேண்டும் என்றார்கள். அதற்கு முன் கொடுக்கும் கீமோ மருந்தை இந்த வயதில் முழு அளவில் உடம்பு தாங்காது, குறைந்த அளவில் செய்யலாமாம். அப்போது மருந்து பாதி வேலையைத்தான் செய்யும், மீதியைப் புதிய செல்கள் பார்க்க வேண்டும்.

செல் கொடுப்பவரின் திசு வகை (HLA) நோயாளியோடு பொருந்த வேண்டும். கூடப் பிறந்தவர் ஒருவர் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பெரியப்பா, அத்தை, சித்தப்பா மூவருமே பொருந்தவில்லை. சித்தப்பா ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து அழுதார். செல் கொடுக்க முன்வந்து பெயர் கொடுத்தவர்களின் பதிவேட்டிலும் ஆள் கிடைக்கவில்லை. அந்த மருத்துவமனையில் "டோனர் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் வீணாகப் போனது. இன்றும் ஆறவில்லை எனக்கு.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளைகள் எத்தனை பேர்?" பெற்ற பிள்ளை எப்போதுமே பாதிப் பொருத்தமாவது இருக்கும், அதை வைத்தே செய்யலாமாம். செல் ஏற்றிய 3, 4ஆம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுத்தால், ஏற்றிய செல்களில் அப்பாவின் உடம்பைத் தாக்கக் கிளம்புபவை அடங்கிவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வளர்த்தெடுத்த முறை இது.

முதலில் அக்காதான் கொடுப்பதாக இருந்தது. அவளுடைய செல்லுக்கு எதிராக அப்பாவின் ரத்தத்தில் ஆன்டிபாடி (வெளிச் செல்லை எதிர்க்கும் பொருள்) இருந்தது, என் செல்லுக்கு எதிராக இல்லை. அதனால் நான் கொடுத்தேன். இந்தப் பரிசோதனையை மறக்காமல் கேளுங்கள்.

ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வர எனக்கு ஐந்து நாள் ஊசி. இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது, பாராசிட்டமால் போட்டுச் சமாளித்தேன். அப்புறம் ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்தெடுக்க நாலு மணி நேரம் மெஷினில். செல் ஏற்றிய இரண்டாம் நாள் அப்பாவுக்கு 103 டிகிரி காய்ச்சல். வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தும் நடுங்கிப் போனோம். 17ஆம் நாள் வெள்ளையணுக்கள் ஏறின, புதிய செல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன.

மதுரை அக்கா:
எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். என் தம்பிக்கு ஏபிளாஸ்டிக் அனீமியா (எலும்பு மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத நோய்) வந்தபோது நான் பொருந்தவில்லை. அப்பாவைச் சோதித்தால் முழுப் பொருத்தம்! சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இப்படி அமைவதுண்டாம். பெற்றோரையும் பெரியப்பா, சித்தி பிள்ளைகளையும் விடாமல் பாருங்கள். திருச்சித் தம்பி, உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

திருச்சி மகன்:
எட்டு மாதம் ஆகிறது அக்கா. பரிசோதனையில் ரத்தம் முழுக்க என் செல்தான். பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பு மாற்றுக்குப் பின் குறைந்துவிடுவதால், சின்ன வயதில் போட்டவற்றை மறுபடி முதலிலிருந்து போடுகிறார்கள். போன வாரம் ஒன்று போட்டோம், கை வலிக்கிறது என்று பேத்தியிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்.