கேரவன் படி பாதியில் நின்றால் என்ன பார்த்தீங்க? அனுபவம் சொல்லுங்க

பொள்ளாச்சியிலிருந்து:

எங்கள் கேரவன் கரூரில் பாடி கட்டியது. கதவைத் திறந்தால் அடியிலிருந்து படி தானாக வெளியே வரும், மூடினால் உள்ளே போய்விடும். மழையில் வால்பாறை போய் வந்ததிலிருந்து பாதி வந்து நிற்க ஆரம்பித்தது. அம்மிச்சிக்கு முழங்கால் வலி. படி இல்லையென்றால் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்குவார். பாதிப் படி இருந்தால் அதை நம்பிக் காலை வைத்துவிடுவார். அதுதான் பயம்.

முதலில் பார்த்தவர், "மோட்டார் போச்சுங்க, மாத்திரலாம்" என்றார். அப்புறம் கோயமுத்தூரில் தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணனிடம் போனோம். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. கண்ட்ரோல் பெட்டிக்கு வரும் பவர், எர்த் ஒயர்களில் மீட்டரை வைத்துக்கொண்டு, "கதவைத் திறங்க தம்பி" என்றார். படி சும்மா இருக்கையில் 12.6 வோல்ட். நகர ஆரம்பித்ததும் 9க்குக் கீழே சரிந்தது. அதே நேரத்தில் பேட்டரி முனையில் பெரிதாக இறங்கவில்லை. வழியில்தான் எங்கோ கரண்ட் தடைபடுகிறது என்று புரிந்தது. பெட்டியின் எர்த்தைத் தனி ஒயரால் பேட்டரி நெகட்டிவில் கொடுத்தார், படி முழுசாக வந்துவிட்டது!

சேசிஸில் எர்த் லக் (ஒயர் நுனியில் போல்ட்டுக்கு மாட்டும் வளையம்) இருந்த இடத்தைக் கழற்றினால், போல்ட்டுக்கு அடியில் துரு, செம்பில் பச்சைக் களிம்பு. எமரி பேப்பர் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது லக் அடித்து முறுக்கி, மேலே வாசலின் பூசினார். மோட்டார் பழையதுதான், இன்றுவரை ஓடுகிறது.

புது மோட்டாருக்குப் பணம் கட்டும் முன்னால், படி ஓடும்போது வோல்ட் பாருங்க. நிற்கும்போது பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

காங்கேயத்திலிருந்து:

எங்களுக்கு வில்லன் கிரீஸ். சர்வீஸில் ஒவ்வொரு தடவையும் படி மடங்கும் இடத்து பின், புஷ் (பின் சுழலும் உறை) எல்லாவற்றிலும் அப்பி விடுவார்கள். நம்ம பக்கத்துச் செம்மண் புழுதி அதில் ஒட்டி, பின்னை அரம் மாதிரி ராவிவிடும். இப்போது ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு (கை உள்ளே இருக்கும்போது படி மடங்கினால் விரல் போய்விடும், இதில் விளையாடாதீங்க), கழுவி, நன்றாகக் காயவிட்டு, சிலிகான் ஸ்ப்ரே மட்டும் அடிக்கிறோம். மோட்டார் மேல் பிரஷர் தண்ணீர் பீய்ச்சக் கூடாது.

ஈரோட்டிலிருந்து:

கதவை மூடியும் படி உள்ளே போகவில்லை என்றால் முதலில் கதவுக் காந்தத்தைப் பாருங்க. கீல் தொய்ந்து எங்கள் கதவு கொஞ்சம் இறங்கியிருந்தது. சட்டத்தில் இருக்கும் சுவிட்சுக்குக் காந்தம் எட்டவில்லை, கதவு திறந்தே இருப்பதாக நினைத்துக்கொண்டு படி வெளியே நின்றது. வேறொரு காந்தத்தைக் கையில் எடுத்துச் சுவிட்சுக்கு நேரே காட்டினோம், உடனே மடங்கியது. கீலைத் தூக்கிக் கட்டியதோடு வேலை முடிந்தது.

கரூரிலிருந்து:

ஃப்யூஸ் அடிக்கடி போகுதுங்க. பெரிய ஆம்பியரில் போட்டுக்கலாமா?

பொள்ளாச்சியிலிருந்து:

வேண்டாங்க. பெரும்பாலும் படி எங்கேயோ இறுகினால் மோட்டார் அவ்வளவு கரண்ட் இழுக்கும். பெரிய ஃப்யூஸ் போட்டால் அதற்குப் பதிலாக ஒயர் எரியும். மோட்டாரையும் படியையும் இணைக்கும் லிங்கைக் கழற்றிப் படியைக் கையால் ஆட்டிப் பாருங்க, எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.