மறு: ‘தரக் கூட்டாண்மை’ பேருந்துக்கு ஒட்டுமா?

வணக்கம் நண்பர்களே,

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிரிட்டன் பேருந்துத் துறையின் ‘quality partnership’ என்ற ஏற்பாட்டுக்குத் தமிழ்ச்சொல்லாக ‘தரக் கூட்டாண்மை’ கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போலத் தெரிவதால், கும்பகோணத்திலிருந்து ஒரு முட்டுக்கட்டை.

சொல் அப்புறம். முதலில் பொருள். பிரிட்டனில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1986 அக்டோபரில், லண்டனும் வட அயர்லாந்தும் நீங்கலாக, பேருந்துத் தொழில் திறந்துவிடப்பட்டது. எந்தத் தடத்தில் எத்தனை மணிக்கு ஓட்டுவது என்பதை நிறுவனமே முடிவு செய்து பதிவு செய்தால் போதும். ‘இங்கே ஓட்டு, இந்த நேரத்துக்கு ஓட்டு’ என்று சொல்லும் அதிகாரம் உள்ளாட்சியின் கையைவிட்டுப் போனது. சாலையும் நிறுத்தமும் நிழற்குடையும் மட்டும் அதனிடம் தங்கின. பேரம் அங்கேதான் பிறந்தது. “நான் பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்குகிறேன், நிறுத்தத்தில் நடைமேடையை உயர்த்துகிறேன். நீ தாழ்தள வண்டி விடு, ஓட்டுநருக்குப் பயிற்சி கொடு.” 1990களில் இது இரு தரப்பும் விரும்பிச் செய்துகொண்ட ஏற்பாடு. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பல் வைத்தது: சொன்ன தரத்தை எட்டாத நிறுவனம், அந்தத் திட்டத்தில் உருவான வசதிகளைப் பயன்படுத்தக் கூடாது. 2017-இல் இங்கிலாந்துக்கு இன்னும் இறுக்கமான ஒரு வடிவமும் வந்தது.

ஆக, இதில் இலாபத்தைப் பங்கு போடுவது கிடையாது. முதலும் பொதுவில்லை. ‘கூட்டாண்மை’ என்றதும் நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் மாணவனுக்கு என்ன நினைவுக்கு வரும்? இலாபப் பகிர்வு விகிதம், கூட்டாளி விலகல், நற்பெயர் மதிப்பீடு. மாநகராட்சியும் பஸ் கம்பெனியும் சேர்ந்து கடை வைத்த மாதிரி ஆகிவிடும். இலங்கை நண்பர்களுக்கு வேறு சங்கடம். அங்கே கூட்டாண்மை என்றால் பெருநிறுவனம் சார்ந்தது. நாம் சொல்லும் கூட்டாண்மைக்கு அவர்கள் பங்குடைமை என்கிறார்கள்.

> ‘பங்காளித்துவம்’ எளிதாக இருக்கிறதே?

ஐயா, டெல்டா பக்கம் வந்து இதைச் சொல்லிப் பாருங்கள். பங்காளி என்றால் வரப்புத் தகராறில் எதிர்க்கட்சிக்காரர். பெயரிலேயே வழக்கு.

> ‘தர ஒப்பந்தம்’ என்று சுருக்கமாக வைத்துவிடலாமே?

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. அதே 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘தர ஒப்பந்தம்’ என்றே பெயர் சொல்லத்தக்க இன்னொரு ஏற்பாடு இருந்தது. அதில் தடம், நேரம், கட்டணம் எல்லாவற்றையும் ஆட்சியமைப்பே தீர்மானிக்கும். நிறுவனம் ஏலத்தில் எடுத்து ஓட்டும். மான்செஸ்டர் பெருநகரம் 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் முழுக்க மாறியது இந்த வகைக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கட்டுரை எழுதுபவர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். தவிர, நம்மூரில் ஒப்பந்த ஊர்தி என்று ஆம்னி பஸ்ஸையும் சுற்றுலா வண்டியையும் குறிக்கும் சட்டச்சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு நம் நிலவழக்கிலேயே விளக்கம் உண்டு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆட்சியமைப்பு கொடுத்து, வசூலைத் தானே வைத்துக்கொண்டால் நிறுவனம் செய்வது கூலி வேலை. நிறுவனம் ஒரு தொகையைக் கட்டிவிட்டு வசூலைத் தான் எடுத்துக்கொண்டால் குத்தகை. நாம் பேசுவது இரண்டுமில்லை. ஓரளவு வாரத்துக்கு, அதாவது விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் சாகுபடிக்கு, பக்கம். நிலமும் வரப்பும் ஒருவர் பொறுப்பு, உழவு இன்னொருவர் பொறுப்பு. ஆனால் விளைச்சலைப் பங்கிடாத வாரம். (வாரம் என்றே வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ‘பேருந்து வாரம்’ என்றால் சாலைப் பாதுகாப்பு வாரம் மாதிரி ஏழு நாள் விழா எடுத்துவிடுவார்கள்.)

என் பரிந்துரை: பேருந்துத் தர உடன்பாடு.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து

———

தம்பிக்கு,

உடன்பாடு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரியவில்லையே. திருமணப் பேச்சிலும் உடன்பாடு உண்டு, கட்சிகளுக்குள் தொகுதிப் பங்கீட்டிலும் உண்டு.

எங்கள் காலத்தில் குடிமராமத்து என்றால் எல்லோருக்கும் புரியும். ஆற்றையும் தலைமதகையும் சர்க்கார் பார்க்கும். கிளை வாய்க்காலை ஊர் தூர்வாரும். ஆள் அனுப்பாமல் இருக்க முடியாது, 1858-லேயே கட்டாயச் சட்டம் போட்டார்கள். நீங்கள் சொல்லும் பஸ் விவகாரமும் அதுதானே? அந்தச் சொல்லின் சாயலில் ஒன்று செய்யுங்கள்.

இன்னொன்று, பஸ் கம்பெனியைக் குறிக்க ‘பேருந்து இயக்குநர்’ என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். படம் எடுப்பவர் என்று நினைத்துவிட்டேன்.

அன்புடன்,
மயிலாடுதுறையிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

குடிமராமத்து அருமையான ஒப்புமை. விளக்கக் குறிப்பில் கட்டாயம் சேர்த்துவிடுகிறேன். சொல்லாக எடுக்கத் தயங்குவதற்குக் காரணம், 2017-இல் அரசு அந்தப் பெயரிலேயே ஏரி, குளத் திட்டம் கொண்டுவந்த பிறகு ‘மராமத்து’ என்றாலே தூர்வாருவதுதான் கண்முன் நிற்கிறது.

கடன் தெரியவில்லை என்றீர்கள். அது நியாயம், இரண்டு நாள் உறுத்தியது. இங்கே பஸ் சரியில்லை என்றால் திட்டு முழுக்க ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும்தான். நான் ஏறும் நிறுத்தத்தில் நிழற்குடை ஓரிடத்தில் நிற்கிறது; பக்கத்தில் வடிகால் பள்ளம், அதனால் வண்டி ஐம்பதடி தள்ளி நிற்கிறது. மழையில் மூட்டை முடிச்சோடு ஓடுகிறோம். இதில் வண்டிக்காரன் செய்த குற்றம் என்ன? நிலையம் உள்ளாட்சியிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், பெர்மிட் போக்குவரத்து அதிகாரிகளிடம், நிழற்குடை சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில். வண்டிகளோ சில அரசுக் கழகத்துடையவை, சில தனியாருடையவை. பிரிட்டனில் தடத்தையும் நேரத்தையும் நிறுவனம் வைத்துக்கொண்டது. நம்மிடம் அவை பெர்மிட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் சாலையோரத்துக்கு ஆள் பொறுப்பேற்கும் பாதி நம்மிடம் எழுதப்படவே இல்லை. சொல் அந்தப் பாதியைச் சுட்டியாக வேண்டும்.

அதனால் திருத்துகிறேன்: இருகடன் தர உடன்பாடு. இருவரும் கடன்பட்டவர்கள். முதல் தடவை மட்டும் முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘தர உடன்பாடு’ என்றே எழுதலாம். பல் வைத்த வடிவத்துக்குச் ‘சட்டமுறைத் தர உடன்பாடு’. மான்செஸ்டர் வகைக்கு ‘ஓட்டக் குத்தகை’; கூலி வகையையும் அதற்குள் அடக்குவது கொஞ்சம் இழுப்புதான், ஆனாலும் ஒப்பந்த ஊர்தியோடு மோதாது.

இயக்குநர் பற்றிச் சொன்னது சரி. ‘பேருந்து நடத்துவோர்’ என்றால் நடத்துநரோடு குழம்பும், ‘உரிமையாளர்’ என்றால் அரசுக் கழகம் வெளியே போய்விடும். ‘பேருந்து நிறுவனம்’ போதும் என்று தோன்றுகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “2028 மகாமகத்துக்கு முன், கும்பகோணம் மாநகராட்சியும் அரசுக் கழகமும் தனியார் பேருந்து நிறுவனங்களும் தர உடன்பாடு செய்துகொள்ள வேண்டும்.” நாளிதழில் வந்தால் இடறாது. இதையே என் வழக்கமான டவுன் பஸ் நடத்துநரிடமும் படித்துக் காட்டினேன். “உடன்பாடு புரியுது சார், எங்க தரப்பு யார் கையெழுத்து போடுவா?” என்றார்.

‘ஓட்டக் குத்தகை’க்கு மாற்று இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். மற்றவற்றைக் கலைச்சொல் அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன்.