ஆசிரியர் பயிற்சிக்கு ஆலோசனைக் குழு: உண்மையில் வேலைக்கா, கையெழுத்துக்கா?

கரும்பலகை:
ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு யோசனை சொல்லப் பள்ளி ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் எல்லாம் அடங்கிய ஆலோசனைக் குழு இருந்தே ஆக வேண்டும் என்று விதி போடுவதால் ஆசிரியர் பயிற்சி ஒரு இம்மியும் உயராது என்பது என் கட்சி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநில விதிகளைப் பாருங்கள். பயிற்சித் திட்டத்தின் வடிவமைப்பு, நடத்துதல், மதிப்பீடு, பெரிய கொள்கை முடிவுகள் எல்லாவற்றிலும் குழு கைகொடுக்க வேண்டுமாம். நம் டயட்களுக்கும் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள்) நிகழ்ச்சி ஆலோசனைக் குழு உண்டு. ஏட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? உறுப்பினர்களைப் பிடிப்பவர் கல்லூரி முதல்வர், தலைமை தாங்குபவர் முதல்வர், நிகழ்ச்சி நிரலை எழுதுபவரும் முதல்வர். எந்தப் பயிற்சி ஆசிரியர் (கற்பித்தலைப் பழகும் கல்லூரி மாணவர்) எந்தப் பள்ளிக்குப் போவது என்ற பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு, "பள்ளி ஒதுக்கீடு குறித்து ஆலோசனை" என்று ஒரு பொருள் கூட்டத்துக்கு வரும். அதில் யார் என்ன சொல்லிக் கிழிக்க முடியும்?

என் மாற்று இதுதான். குழுவைக் கலைத்துவிட்டு, பயிற்சி நடக்கும் ஒவ்வொரு பள்ளியோடும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பள்ளியில் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வழிகாட்டி ஆசிரியருக்கு வாரம் எத்தனை பீரியட் விலக்கு, பயிற்சி ஆசிரியரின் முழுப் பாடவேளையை அவர் எத்தனை முறை உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்த எத்தனை நாளுக்குள் எழுத்தில் கருத்துத் தர வேண்டும், சிக்கல் வந்தால் யாரை அழைப்பது. இந்த நான்கும் ஒழுங்காக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபின்லாந்தில் பல்கலைக்கழகங்களுக்கே சொந்தப் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. அங்கே பயிற்சியைத் தாங்கி நிற்பது அந்த ஏற்பாடு. ஆண்டுக்கு ஒருமுறை டீ குடித்துவிட்டுக் கலைகிற கூட்டத்தால் அது வரவில்லை.

நுண்ணிலை:
கரும்பலகை சார், நீங்கள் சொல்லும் நோய் சரி, மருந்துதான் தப்பு. ஒப்பந்தம் ஒரு பள்ளிக்குள் நடப்பதைக் கட்டுப்படுத்தும். பள்ளிகளுக்குக் குறுக்கே ஓடும் குறையை அது காட்டாது. 12 பள்ளிகளுக்குப் பயிற்சி ஆசிரியர்களை அனுப்புகிறீர்கள், அதில் ஒன்பதில் பாடத்தின் கடைசிப் பத்து நிமிடம் வீணாகிறது, மாணவர்களுக்குப் புரிந்ததா என்று சோதிக்காமலே மணி அடித்துவிடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வழிகாட்டியும் "என்னிடம் வந்த பெண் கொஞ்சம் மெதுவானவர்" என்றுதான் நினைப்பார். மூன்று வழிகாட்டிகள் ஒரே மேசையில் உட்காரும்போதுதான் அது அந்தப் பெண்ணின் குறை இல்லை, கல்லூரியில் சொல்லித்தந்த விதத்தில் இருக்கும் ஓட்டை என்பது தெரியும்.

அந்த ஓட்டை எங்கே இருக்கலாம் என்றும் சொல்கிறேன். நுண்ணிலைக் கற்பித்தல் (மைக்ரோ டீச்சிங்) என்று கல்லூரியில் ஒவ்வொரு திறனாகச் சில நிமிடப் பாடத்தில் பழக்குகிறோமே, அதன் வழக்கமான சுழற்சி 36 நிமிடம்: கற்பிக்க 6, பின்னூட்டம் 6, திருத்தித் திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. ஆறு நிமிடத்தில் தொடங்கும் திறன், கேள்வி கேட்கும் திறன், கரும்பலகைத் திறன் எல்லாம் பழகலாம். 40 நிமிட வகுப்பை முடித்துக் கட்டுவதை அதில் பழக முடியாது. இதைச் சரிசெய்யப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை, கல்லூரிக் கால அட்டவணையில் இரண்டு முழுநீளப் பாடங்களைச் சேர்த்தால் போதும். இப்படிப்பட்ட ஆலோசனைக்குத்தான் குழு.

அமைப்பைப் பொறுத்தவரை 11 முதல் 13 பேர் போதும். கல்லூரி ஆசிரியர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வழிகாட்டி ஆசிரியர்கள் மூவர், தலைமையாசிரியர்கள் இருவர், படித்து முடித்து மூன்றாண்டுக்குள் வேலையில் இருப்பவர்கள் இருவர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர் கட்டாயம். பதவிக்காலம் மூன்றாண்டு, ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பகுதியினர் மாற வேண்டும். எல்லோரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் போன கூட்டத்தில் பேசியதை நினைவில் வைத்திருக்க ஆள் இருக்காது. தலைவர் நாற்காலியில் முதல்வர் உட்காரவே கூடாது.

முதல்மணி:
பள்ளிப் பக்கத்திலிருந்து ஒன்று. தலைமையாசிரியரையும் அவர் பள்ளி வழிகாட்டியையும் ஒரே குழுவில் போட்டால் வழிகாட்டி வாயே திறக்க மாட்டார். "பயிற்சி ஆசிரியரைப் பார்க்க எனக்கு நேரமே தருவதில்லை" என்று தன் எச்.எம். முன்னால் யார் சொல்வார்? தலைமையாசிரியர்கள் இருவரும் வழிகாட்டிகள் மூவரும் ஐந்து வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வர வேண்டும். நுண்ணிலை டீச்சர் போட்ட கணக்கில் இந்த நிபந்தனை இல்லை, இது இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது.

அடுத்தது நேரம். காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் வருவது பொறுப்பு ஒப்படைக்க ஆள் உள்ள பெரிய பள்ளிக்காரர்கள் மட்டும்தான். இரண்டு மூன்று ஆசிரியர்களை வைத்து ஓட்டும் பள்ளி வராது. நாளைக்குப் புதிய ஆசிரியர் முதலில் போய் நிற்கப்போவதோ அதுபோன்ற பள்ளியில்தான். பள்ளி விட்ட பிறகு 90 நிமிடம், காணொளி வழியாக வைத்தால் வருவார்கள்.

கரும்பலகை:
தலைமையாசிரியர்களைக் குழுவில் வைப்பதில் இன்னொரு பெரிய சிக்கலை இரண்டு பேருமே தொடவில்லை. அவர்கள் சொந்தத் தேவையோடு வருவார்கள். என்.சி.டி.இ.-யின் (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014 ஒழுங்குமுறைப்படி இரண்டாண்டு பி.எட்.-இல் பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம், முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. காலிப் பணியிடம் உள்ள பள்ளிக்கு அந்த 16 வாரம் என்பது சம்பளமில்லாத ஆசிரியர். அந்தத் தலைமையாசிரியர் "பயிற்சிக் காலத்தை நீட்டுங்கள், முதல் நாளிலிருந்தே முழு வகுப்பைக் கொடுங்கள்" என்றுதான் ஆலோசனை சொல்வார். அது பயிற்சிக்கு நல்லதா, பள்ளிக்கு வசதியா என்று யார் பிரிப்பது?

இங்கிலாந்தில் ஓராண்டு முதுநிலைப் பயிற்சிக்குக் குறைந்தது இரண்டு பள்ளிகள் என்று விதி. இரண்டாவது பள்ளி ஏன் என்றால், ஒரே பள்ளியின் வழக்கங்களே கற்பித்தல் என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக. இதை உள்ளூர்த் தலைமையாசிரியர்கள் நிறைந்த குழுவிடம் கேட்டிருந்தால் "பாதியில் ஆளை எடுக்காதீர்கள்" என்றே சொல்லியிருப்பார்கள். சில முடிவுகள் மேலிருந்து வருவதுதான் நல்லது.

நுண்ணிலை:
சொந்தத் தேவை இல்லாத உறுப்பினர் என்று யாரும் கிடையாது சார். கல்லூரிக்கும் உண்டு. ஒழுங்காக நடத்தாத பள்ளியைப் பட்டியலிலிருந்து தூக்க அது தயங்கும், வேறு பள்ளி தேடும் அலைச்சல் அதற்கு. தேவையை மறைக்காமல் மேசையில் வைக்கும் வழி இருக்கிறது. பயிற்சிக் காலம், வகுப்புப் பொறுப்பு பற்றிய பொருள் வரும்போது, தன் பள்ளியில் எத்தனை இடம் காலி என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தலைமையாசிரியர் பேச வேண்டும். கூட்டக் குறிப்பிலும் அது பதிவாகும். படிக்கிறவர் புரிந்துகொள்வார்.

கேள்வியைத் தொடுக்கும் விதமும் முக்கியம். "பயிற்சி எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாகப் போகிறது" என்ற பதில்தான் வரும். "முதல் இரண்டு வாரத்தில் பயிற்சி ஆசிரியருக்கு 15 நிமிடப் பகுதியை மட்டும் கொடுத்து, மூன்றாம் வாரத்தில் முழுப் பீரியட் கொடுக்கலாமா, அல்லது முதல் வாரமே கொடுப்பதா? காரணத்தோடு சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கூட்டத்துக்குப் பத்து வேலை நாள் முன்பே கேள்வியும் தாள்களும் கையில் கிடைத்திருக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம்.

எண்கணக்கு:
குழு முன்னால் வைக்கும் தரவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நுழைகிறேன். அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் கேப் (CAEP) அமைப்பு தன் 2022 தரநிலைகளில் திட்டத்தின் வடிவமைப்பிலும் மதிப்பீட்டிலும் தொடர்ந்து மேம்படுத்துவதிலும் தொடர்புடைய தரப்புகளைச் சேர்க்கச் சொல்கிறது. சேர்த்துவிட்டு அவர்கள் கையில் எதைக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

படித்து வெளியேறிய 60 பேருக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறார்கள், 14 பேர் பதில் தருகிறார்கள். "வகுப்பறை மேலாண்மையில் தயார்நிலை 79 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாகச் சரிந்தது" என்று வண்ண வரைபடம் வரும். 14 பேரில் ஒருவர் என்றாலே 7 சதவீதம். சரிவு என்று கூவியது வெறும் இரண்டு பேர் வித்தியாசத்தைத்தான், போன ஆண்டு 14 பேரில் 11, இந்த ஆண்டு 9. அதை நம்பிக் குழு ஒரு புதிய பாடவேளையைப் பரிந்துரைக்கும். அடுத்த ஆண்டு எண் தானாகவே ஏறும், உடனே "பரிந்துரை பலித்தது" என்பார்கள். சிறிய எண்ணிக்கை இருந்தால் சதவீதம் போடாதீர்கள், ஆட்களை எண்ணிச் சொல்லுங்கள். ஒரே கேள்வியை மாற்றாமல் மூன்று ஆண்டு கேட்ட பிறகு பேசுங்கள்.

இரண்டாவது, கூர்நோக்குப் படிவ மதிப்பெண், அதாவது வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து வழிகாட்டி போடும் மதிப்பெண். நான்கு நிலை அளவுகோலில் எல்லோருக்கும் 3 அல்லது 4 வந்தால் அந்தப் படிவம் எதையும் அளக்கவில்லை என்று பொருள். வழிகாட்டிக்கு அந்தப் பயிற்சி ஆசிரியரோடு பல வாரம் பழக்கம், 2 போட மனம் வராது. ஆலோசனைக் குழு இங்கே உண்மையாகவே உதவலாம். ஒரே பாடத்தின் 20 நிமிடக் காணொளியை எல்லோரும் தனித்தனியே பார்த்து மதிப்பெண் போடட்டும், பேசாமல் எழுதித் தரட்டும். பிறகு ஒப்பிடுங்கள். ஒருவர் 2 போட்ட இடத்தில் இன்னொருவர் 4 போட்டிருந்தால் அந்த வரிசையில் உள்ள வாசகம்தான் குழப்பம், அதைத் திருத்தி எழுதுங்கள். குழு ஆண்டில் செய்யும் வேலைகளிலேயே அதிகம் பயன் தருவது இதுதான் என்பேன். ஆனால் எந்த நிரலிலும் இது இருக்காது.

கடைசிபெஞ்ச்:
இப்போது படிக்கிறவர்களைக் குழுவில் சேர்ப்பதா வேண்டாமா? ஒருவரும் சொல்லவில்லையே.

முதல்மணி:
சேர்க்கலாம், ஒருவர் போதாது, இரண்டு பேர். ஒருவர் மட்டும் என்றால் கூட்டத்தில் சொன்னது யார் என்று உள்மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். தனி ஆட்களின் பெயரும் மதிப்பெண்ணும் கூட்டத்தில் பேசப்படக் கூடாது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

கரும்பலகை:
எண்கணக்கு சார் சொன்ன காணொளிப் பயிற்சியை ஏற்கிறேன். ஆனால் அதைச் செய்ய வழிகாட்டி ஆசிரியர்கள் போதும், குழு எதற்கு?

இன்னொரு அடிப்படைக் கேள்வி. இணைப்புக் கல்லூரி எதை மாற்ற முடியும்? பாடத்திட்டத்தைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு. பயிற்சி வாரங்களைத் தீர்மானிப்பது ஒழுங்குமுறை. மீதி இருப்பதைப் பற்றி ஆலோசனை கேட்க 13 பேரா? "மொழிப்பாடத்தை விரிவாக்குக" என்று பரிந்துரை வரும், முதல்வர் "பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படும்" என்பார், அதோடு அந்தக் காகிதத்தின் ஆயுள் முடிந்தது.

நுண்ணிலை:
அதனால்தான் குழுவின் எல்லையை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். கல்லூரி கையில் இருப்பது குறைவில்லை. எந்தப் பள்ளிகள், எந்த வழிகாட்டிகள், பயிற்சிக்கு முன் வழிகாட்டிகளுக்கு எத்தனை மணி நேர அறிமுகம், கூர்நோக்கு எத்தனை முறை, படிவம், பாடக்குறிப்பின் அமைப்பு, நுண்ணிலையில் எந்தத் திறன்கள், கல்லூரிக் கால அட்டவணை. பாடத்திட்டக் குழு தொடும் பொருளை நிரலில் ஏற்றவே கூடாது.

காகிதத்தின் ஆயுள் பற்றி. கூட்டக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தால் அதைக் கிழித்துப் போடலாம்:

"பள்ளிப் பயிற்சி குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. உறுப்பினர்கள் பயனுள்ள கருத்துகளை வழங்கினர்."

இப்படி இருக்க வேண்டும்:

"பரிந்துரை 2: பயிற்சியின் முதல் ஆறு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று முழுப்பாடக் கூர்நோக்கு. பரிந்துரைத்தவர்கள் 9, மாற்றுக் கருத்து 2 (வழிகாட்டிக்கு நேரமில்லை). கல்லூரியின் பதில்: இரண்டு முறை ஏற்கப்பட்டது, மூன்றாவது ஏற்கப்படவில்லை. காரணம்: ஒரே வழிகாட்டியிடம் நான்கு பேர் உள்ள பள்ளிகள் மூன்று. அடுத்த தொகுதியில் ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பேர் என்று குறைத்த பின் மறுபரிசீலனை. பொறுப்பு: பயிற்சி ஒருங்கிணைப்பாளர்."

இந்தப் பதில் 30 நாளுக்குள் எல்லா உறுப்பினருக்கும் போக வேண்டும். குழுவுக்கு ஆணையிடும் அதிகாரம் வேண்டாம், கல்லூரிக்குப் பதில் சொல்லும் கடமை வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இந்தக் கடமை எங்கே சார்? ஒரு பள்ளி தனியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். பதினோரு பேர் முன்னால் அப்படி ஒதுக்க முடியாது.

கரும்பலகை:
இந்த மாதிரிக் குறிப்பைப் பார்த்த பிறகு என் கட்சியைக் கொஞ்சம் திருத்துகிறேன். குழு வேண்டும் என்பதை ஒழுங்குமுறை எழுத வேண்டாம், எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதை எழுதட்டும். ஆய்வுக்கு வருபவர் கூட்டம் நடந்த தேதியையும் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறார். அதை விட்டுவிட்டு, ஏற்ற பரிந்துரை ஒன்றை எடுத்து, அந்த ஆண்டு வழிகாட்டிகளுக்குக் கொடுத்த கையேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். பத்து நிமிட வேலை. ஏறவில்லை என்றால் குறை என்று எழுதட்டும்.

நுண்ணிலை:
ஏற்றதை மட்டும் சோதித்தால் கல்லூரிகள் நோகாத பரிந்துரைகளை மட்டும் ஏற்கப் பழகிவிடும். கையேட்டின் அட்டையை மாற்றுவது, தொடக்க விழாவை முன்னால் கொண்டுவருவது போன்றவை. ஏற்காத பரிந்துரை ஒன்றையும் எடுத்து, அதற்கு எழுதிய காரணம் இப்போதும் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். "நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி" என்று போன ஆண்டு சொன்னவர்கள் இந்த ஆண்டும் நான்கு பேரையே அனுப்பியிருந்தால், குறை அங்கேதான் எழுதப்பட வேண்டும்.

எண்கணக்கு:
அதற்கு வழிகாட்டி வாரியான ஒதுக்கீட்டுப் பட்டியல் வேண்டும். பல கல்லூரிகளில் பள்ளி வாரியாக மட்டுமே பட்டியல் இருக்கும். எந்த ஆசிரியரிடம் எத்தனை பேர் என்ற கட்டத்தை முதலில் படிவத்தில் சேருங்கள், பிறகு சோதனையைப் பேசலாம்.