பைகுகுலின் சேர்த்தும் தடுப்பு மின்னோட்டம் நிற்கவில்லை: உதவி தேவை

தரமணி மாணவி: எலியின் நரம்புத் திசுச் சீவல்களில் பேட்ச் கிளாம்ப் (தனி நரம்பணுவின் மின்னோட்டத்தை நுண்மின்முனையால் அளக்கும் முறை) பதிவு எடுத்து வருகிறேன். நரம்பணுவை அடக்கும் காபா என்ற கடத்திப்பொருளின் காபா-ஏ ஏற்பிகளை அடைக்க 10 மைக்ரோமோலார் பைகுகுலின் செலுத்திய பின்பும், அந்த அடக்கலைக் காட்டும் தடுப்பு மின்னோட்டத்தில் ஏறத்தாழப் பாதி அப்படியே நீடிக்கிறது. நாளை வழிகாட்டியிடம் பதிவுகளைக் காட்ட வேண்டும், விரைந்து உதவுங்கள்.

மயிலைவாசி: சீவல் எந்தப் பகுதியுடையது? கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் ஏற்பிகளை அடைத்தீர்களா? உட்கரைசலில் குளோரைடு மிகுந்திருந்தால், -70 மில்லிவோல்ட்டில் தடுப்பு மின்னோட்டமும் கிளர்ச்சி மின்னோட்டமும் ஒரே திசையில் பாயுமாதலால், பார்வைக்கு வேறுபாடே தெரியாது.

கரைசல்காரர்: என் ஐயமெல்லாம் மருந்தின் மீதுதான். பைகுகுலின் நடுநிலைக் கரைசலில், அதுவும் சென்னையின் அறை வெப்பத்தில், நீராற்பகுப்புற்று வலுவிழந்த பைகுசினாக மாறிவிடும். அவ்வப்போது புதிதாகக் கலக்குங்கள், அல்லது காபா-ஏ ஏற்பியை அடைக்கும் மற்றொரு மருந்தான கேபசைனுக்கு மாறுங்கள்.

மூத்தவர்: ஏற்பியின் அமைப்பைப் படிக்காமல் மின்முனையைக் கையில் எடுத்தால் இப்படித்தான் ஆகும். பைகுகுலின் காபா அமரும் இடத்திற்குப் போட்டியிடும் பொருள் என்பதால், காபா மிகுந்தால் தோற்றுவிடும். காக்கைக்கொல்லி விதையிலிருந்து கிடைக்கும் பிக்ரோடாக்சினோ ஏற்பிக்குள் குளோரைடு பாயும் வாய்க்காலின் துளையையே அடைக்கிறது. அதைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது.

மயிலைவாசி: தீராது ஐயா, மறையும். பிக்ரோடாக்சின், கிளைசின் என்ற மற்றொரு தடுப்புக் கடத்தியின் ஏற்பிகளையும் அடைக்கக்கூடியது என்பதால், எஞ்சிய மின்னோட்டம் எந்த ஏற்பியுடையது என்பதை அதன் பிறகு எப்படிப் பிரித்தறிவது?

மூத்தவர்: பைகுகுலின் மட்டும் உத்தமமா? அதன் நான்கிணைய உப்புகள் எஸ்கே வகைப் பொட்டாசியம் வாய்க்கால்களையும் அடைக்கின்றன.

மயிலைவாசி: நரம்பணு எத்தனை முறை சுடுகிறது என்று எண்ணும்போது அது குறுக்கிடும், இங்கே கேள்வி அதுவன்று.

தரமணி மாணவி: சீவல் முதுகுத்தண்டு நரம்பு வடத்தின் பின்கொம்பு (முதுகுப்பக்கச் சாம்பல்நிறப் பகுதி). உட்கரைசல் சீசியம் குளோரைடு. குளூட்டமேட் ஏற்பிகளை அடைக்கும் சிஎன்கியூஎக்ஸ், ஏபிவி இரண்டும் தொடக்கத்திலிருந்தே ஓடுகின்றன. மருந்து இன்று கலக்கியதுதான்.

மயிலைவாசி: முதுகுத்தண்டு என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அங்கே காபாவுடன் கிளைசினும் தடுப்புப் பணியைச் செய்கிறது. நீங்கள் பயன்படுத்தும் செறிவில் பைகுகுலின் கிளைசின் ஏற்பிகளைப் பெரிதாகத் தொடாது. கிளைசின் ஏற்பியை அடைக்கும், எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னினை 0.5 மைக்ரோமோலார் அளவில் சேர்த்துப் பாருங்கள். செறிவைக் கூட்டினால் அது காபா-ஏ ஏற்பியையும் பாதித்து, தேர்ந்தடைக்கும் தன்மையை இழந்துவிடும். கையுறை கட்டாயம்.

தரமணி மாணவி: நின்றுவிட்டது. நன்றி.

கரைசல்காரர்: பைகுகுலினைக் கழுவி நீக்கிவிட்டு, ஸ்ட்ரிக்னினை மட்டும் வைத்துப் பதிவு செய்தீர்களா? அப்போது எஞ்சும் மின்னோட்டம் மெதுவாகத் தேய்ந்தால்தான் அது காபாவினுடையது என்று துணிந்து சொல்ல முடியும்.

மூத்தவர்: பிக்ரோடாக்சினிலும் நின்றிருக்கும் என்பதைப் பதிவு செய்கிறேன்.