விமானத்துக்கு உறை தைக்க ஆள் வேண்டும்

வணக்கம் சுங்கை சிப்புட் மக்களே. நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய பழைய செஸ்னா 172 ஈப்போவில் வெட்டவெளியில்தான் நிற்கிறது. ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை நமக்குக் கட்டாது.

தேய்ந்த மூடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறக்கையில் இருக்கும் பெட்ரோல் தொட்டிக்குள் இறங்குகிறது. பறக்குமுன் அடியில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் நீல நிற ஏவ்கேஸுக்கு, அதாவது விமானப் பெட்ரோலுக்கு, கீழே தண்ணீர் தனியாக நிற்கும். ரப்பரை இன்ஜினியர் மாற்றிவிடுவார். குளவிதான் பெரிய தொல்லை! வேகத்தை அளக்கக் காற்றைப் பிடிக்கும் பிட்டோ குழாய்க்குள் மண்கூடு கட்டிவிட்டால் ஓடுபாதையில் வேகமுள் அசையாது.

லோரி கன்வாஸ் தைக்கிறவர் யாரையாவது தெரியுமா? முன்கண்ணாடிக்கும் 36 அடி இறக்கைக்கும் உறை, பிட்டோவுக்குச் சிவப்பு நாடா தொங்கும் சின்னப் பை. கண்ணாடி என்கிறோமே தவிர அது அக்ரிலிக், சட்டென்று கீறிவிடும். உள்பக்கம் மெத்தென்ற துணி வேண்டும். தீபாவளி மழைக்கு முன்னே கிடைத்தால் நல்லது.