சேனைக்கிழங்கு, பாலக்கீரை, கிட்னி கல்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அப்பாவுக்கு எடுத்த கல்லைப் பரிசோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்திருக்கிறது. சேனையில் நாக்கை அரிக்க வைக்கும் ஊசிப் படிகங்களும் இதே பொருள்தான் என்று வீட்டில் கிழங்கையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஊசிகள் தண்ணீரில் கரையாது, பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். குடலில் உறிஞ்சப்பட்டு, அப்புறம் சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாக மாறுவது தண்ணீரில் கரையும் வகை ஆக்சலேட்தானே, அது பாலக்கீரையில் ஏராளம். கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் குறையும், தயிரோடு சாப்பிட்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். (கால்சியம் என்ற பெயரைக் கேட்டதும் பாலையும் தயிரையும் நிறுத்தச் சொல்லும் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது தனிக்கதை!)

டயட்டீஷியன்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைத்து வடித்து எப்போதாவது கொடுக்கலாமா? கேழ்வரகு எப்படி? அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம், அங்கே வேறு என்ன கேட்க வேண்டும்?