மறு: லில்லி பல்பு, டேலியா கிழங்கு – ஒரு சொல்லா, மூன்றா?

குன்னூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பூச்செடி வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மே மாத மலர்க் காட்சிக்குள் அச்சாகிவிட வேண்டும். அச்சகம் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுக்கும். நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் பெண்களும் வாசலில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களும் படிக்கப்போகிற புத்தகம்.

லில்லியம், கிளாடியோலஸ், டேலியா மூன்றையுமே இங்கே சிலர் பல்பு என்கிறார்கள், சிலர் கிழங்கு என்கிறார்கள். பாடநூலில் லில்லியம் போன்றது குமிழம், கிளாடியோலஸ் போன்றது கந்தம், உருளை போன்றது கிழங்கு என்று தனித்தனியே இருக்கிறது. பண்ணைப் பெண்களிடம் படித்துக் காட்டினேன். கந்தம் என்றதும், வாசனையைச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள்.

சொல் எதுவானாலும் வேறுபாடு தெரிந்தாக வேண்டும். கிளாடியோலஸை இலை மஞ்சளானதும் தோண்டி, நிழலில் உலர்த்தி, ஏறக்குறைய மூன்று மாதம் உறங்க விட வேண்டும். லில்லியத்துக்கு மேலே காய்ந்த தோல் கிடையாது. அதையும் அப்படி உலர்த்தினால் வீணாகிவிடும். ஈரப்பதமுள்ள நார்த்தூளில்தான் வைக்க வேண்டும். டேலியாவை உருளையைப் போல நறுக்கி நட்டால் முளைக்காது. அதன் கண் பருத்த வேரில் இல்லை, பழைய தண்டு சேரும் கழுத்தில் இருக்கிறது. மலையில் கிழங்கு என்றாலே முதலில் உருளைதான் நினைவுக்கு வரும். அதனால்தான் வெறும் கிழங்கு என்று எழுத அஞ்சுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, கந்தம் வடசொல், அதை விட்டுவிடலாம். குமிழம் தமிழ்தான், ஆனால் குமிழ் என்று சுருக்கினால் குமிழ மரம் குறுக்கே வரும். மூக்குக்கு உவமையாகப் புலவர்கள் சொல்லும் பூ அந்த மரத்துடையது.

தொல்காப்பியர் மரபியலில் 'புறக்காழனவே புல்லென மொழிப' என்கிறார், அதாவது வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புல். புல்லுக்கு உரிய உறுப்புகளாகத் தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை என்று அடுக்குகிறார். லில்லியும் வெங்காயமும் ஒருவித்திலைத் தாவரங்கள், அதாவது புல்லின் பக்கம். லில்லியின் அடியில் அடுக்கடுக்காக இருப்பவை சோறு பிடித்த இலைகள். அவற்றை மடல் என்பதில் என்ன தடை? மடற்கிழங்கு என்று வையுங்கள். கிழங்கு என்பதே கீழ் என்னும் அடியில் பிறந்தது என்பது என் கருத்து. ஆகவே மண்ணுக்குக் கீழே எது பருத்தாலும் அது கிழங்குதான்.

இன்னும் பழைய சொல் வேண்டுமானால் குறுந்தொகைக்குப் போகலாம். தலைவனின் மலையில் மாலையில் பெய்த மழைநீரோடு காலையில் காந்தள் வந்து சேர்கிறது. தலைவி அதை இலை குழையத் தழுவி, வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள், தாய் தடுக்கவில்லை. அங்கே கபிலர் ஆளும் சொல் 'முழுமுதல்'. வீட்டில் நட்டு வளர்க்கும் பூங்கிழங்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கோவையிலிருந்து:

ஐயா, முழுமுதல் என்று அச்சிட்டால் படிப்பவர்கள் பிள்ளையாரை நினைப்பார்கள். தாவரவியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன்: பாடநூலில் இருக்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்? பிள்ளைகள் குமிழம், கந்தம், மட்டநிலத்தண்டு (இஞ்சியைப் போல மண்ணுக்குள் கிடையாக வளரும் தண்டு) என்று படித்துவிட்டு வருகிறார்கள். கையேடு வேறு சொல் சொன்னால் இரண்டும் மனத்தில் நிற்காது. தவிர, கிழங்கு என்பது ஒரு வகையின் பெயர். அதையே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக்கினால் உருளையை என்னவென்று சொல்வீர்கள்?

நிலக்கோட்டையிலிருந்து:

நாங்கள் சம்பங்கி போடுகிறவர்கள். அதைப் பல்ப் என்றுதான் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இங்கே எல்லாரும் சம்பங்கிக் கிழங்கு என்றுதான் கேட்டு வாங்குகிறோம், அதனால் யாருக்கும் நட்டமில்லை.

கொடைக்கானலிலிருந்து:

பூண்டை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டில் பல் என்ற அழகான சொல் இருக்கிறதே? லில்லியின் அடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈர நார்த்தூளில் வைத்தால் அடியில் குட்டி வரும். அந்த அடுக்கைப் பல் என்றே சொல்லலாமே.

கோவையிலிருந்து:

கூடாது. பூண்டுப் பல் என்பது இலைக்கணுவில் உண்டான முழுச் சிறு குமிழம். அதற்குள் முளை இருக்கிறது. லில்லியின் அடுக்கு வெறும் இலை, அதன் அடியில்தான் புதுக் குமிழம் உருவாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பல்லை நட்டதும் முளைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்துபோவார்கள். இந்த இடத்தில் மட்டும் தஞ்சை ஐயாவின் மடலை ஏற்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

மகிழ்ச்சி. அப்படியே கிளாடியோலஸையும் பார்த்துவிடுவோம். இலத்தீனில் வாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வாள்மலர் என்று...

கொடைக்கானலிலிருந்து:

ஐயா, செடியின் பெயருக்குப் போனால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும்.

குன்னூரிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், சரியா என்று பாருங்கள். லில்லியம், ஹிப்பியாஸ்ட்ரம், டாஃபடில் போன்றவை மடற்கிழங்கு. கிளாடியோலஸும் ஃப்ரீசியாவும் தண்டுக்கிழங்கு, ஏனென்றால் உள்ளே அடுக்கு இல்லை, முழுக்கப் பருத்த தண்டு. பழையது சுருங்க, அதன் தலையில் புதியது உட்காரும். சுற்றிலும் வருபவற்றைப் பண்ணையில் சொல்வதுபோல் குட்டி என்றே எழுதுகிறேன். டேலியா வேர்க்கிழங்கு. சொல்லின் முதல் பகுதியைப் பார்த்தாலே வெட்டலாமா, உலர்த்தலாமா என்று ஓரளவு பிடிபட வேண்டும். அதுதான் எனக்கு முக்கியம்.

மூன்றையும் பண்ணையில் சொல்லிப் பார்த்தேன். மடற்கிழங்கு என்றதும் ஒரு பெண் லில்லியை எடுத்துப் பிரித்துக் காட்டினார். வேர்க்கிழங்கும் சிக்கலில்லை. தண்டுக்கிழங்குதான் சரியாக நிற்கவில்லை. கல்வாழையும் இஞ்சியும் தண்டுதானே என்று கேட்கிறார்கள்.

நிலக்கோட்டையிலிருந்து:

நல்லது. போட்டுவிடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:

எனக்கும் சம்மதம். சதுப்பு ஓரமெல்லாம் தானாகப் பரவிக் கிடக்கும் வெள்ளை அரம் லில்லியை எதில் சேர்ப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பெயரில் லில்லி இருப்பதால் யாராவது அடியில் மடலைத் தேடுவார்கள்.

கோவையிலிருந்து:

அரம் லில்லிக்கு மட்டநிலத்தண்டு. கல்வாழைக்கும் இஞ்சிக்கும் அதேதான். பாருங்கள், கடைசியில் பாடநூல் சொல்லுக்கே வர வேண்டியிருக்கிறது. தண்டுக்கிழங்கு எனக்கு உடன்பாடில்லை. உருளையும் தண்டுதான், சேம்பும் தண்டுதான். கிளாடியோலஸை மட்டும் எப்படிப் பிரித்துக் காட்டும்? பெரும்பான்மை வேறாக இருப்பதால் அச்சுக்குத் தடை சொல்லவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் குமிழம், கந்தம் இரண்டையும் பாடநூல் சொற்களாகக் குறித்துவிடுங்கள். கந்தத்துக்குப் பதிலாக இன்னும் நல்ல சொல் யாருக்காவது அகப்பட்டால் இரண்டாம் பதிப்புக்கு முன் இங்கே எழுதட்டும்.